பாரதியார் இல்லத்தில் ஒரு புதையல் வேட்டை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் டிசம்பர் 11 நெருங்கும்போது பள்ளிகளில் பாரதியார் மாறுவேடப் போட்டி நடைபெறுகிறது. தலைப்பாகையும் ஒட்டுமீசையுமாகச் சிறுவர்கள் வந்து நிற்பதைக் காண எனக்கும் மகிழ்ச்சிதான். அதனோடு, திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் தம் இறுதி நாள்களைக் கழித்த வீட்டில், புதிர்களை விடுவித்து முன்னேறும் புதையல் வேட்டை ஒன்றையும் மாணவர்களுக்கு நடத்தலாம் என்பது என் வேண்டுகோள்.

1993 முதல் அரசு நினைவில்லமாக விளங்கும் அவ்வீட்டுக்கு, தமிழாசிரியராக இருந்த காலத்தில் மாணவர்களைப் பலமுறை அழைத்துச் சென்றிருக்கிறேன். வரிசையாக நுழைவார்கள்; படங்களின் கீழுள்ள வாசகங்களைக் குறிப்பேட்டில் பார்த்து எழுதுவார்கள்; கால்மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவார்கள். எழுதியதைக் கேட்டால் சொல்லத் தெரியாது. தேடுவதற்கு நாங்கள் எதையும் கொடுக்கவில்லை என்பதால், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

தேடத் தக்கவையோ ஏராளம். யானை மிதித்துப் பாரதியார் இறந்தார் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளி வீழ்த்தியது உண்மை. ஆனால் அவர் அதிலிருந்து தேறி, ஈரோடு கருங்கல்பாளையம் வரை பயணம் செய்து, 'மனிதனுக்கு மரணமில்லை' என்ற தலைப்பில் சொற்பொழிவாற்றிய பிறகே வயிற்று நோயால் மறைந்தார். இவ்விரு நிகழ்ச்சிகளையும் தனித்தனிக் குறிப்புகளாகக் கொடுத்து, எது முந்தியது என்று கேட்டால் போதும், மாணவர்களே அந்தத் தவறான கதையைத் திருத்திவிடுவார்கள்.

அவர் மறைந்த நாளே இன்னொரு புதிர். நாம் நினைவுநாள் போற்றுவது செப்டம்பர் 11. 1921-ஆம் ஆண்டின் இறப்புப் பதிவோ செப்டம்பர் 12 என்கிறது. உயிர் பிரிந்தது நள்ளிரவு கடந்து. பொழுது விடிந்தால்தான் மறுநாள் என்பது நம் வழக்கம். இந்த விடையைத் தானே எட்டிய மாணவிக்கு அதை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இராது. 'ஷெல்லிதாசன்' என்ற புனைபெயர், சிவப்புத் தாளில் அச்சான 'இந்தியா' வார இதழ் ஆகியவற்றையும் புதிர்களாக்கலாம். தமிழ் எண்களைப் பூட்டின் குறியெண்ணாக வைத்தால், இன்று ஏறக்குறைய மறந்துபோன அவ்வெண்களும் கைவரும்.

சில கட்டுப்பாடுகள் அவசியம். அது ஒரு பழைய வீடு. படச் சட்டங்களுக்குப் பின்னால் சீட்டு ஒளித்து வைப்பதும், பிள்ளைகள் முண்டியடித்து ஓடுவதும் கூடாது. விடை கண்ணெதிரே இருக்க வேண்டும். கூர்ந்து பார்ப்பவருக்கு மட்டுமே அகப்பட வேண்டும். ஒரு நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் வேண்டா. கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடலாம், உடன் வரும் ஆசிரியர்களுடையதையும் சேர்த்து.

பரிசுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பாரதியார் படைப்புகள் 1949-இல் அரசுடைமையாகிப் பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கப்பட்டவை. அவர் கவிதைகளைச் சிறு நூலாக அச்சிட்டு வழங்க எவரிடமும் உரிமை கேட்க வேண்டியதில்லை. புதுச்சேரி ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீட்டிலும் இதனைத் தொடரலாம். அரசு இசைந்தால், புதிர்களை எழுதித்தர என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் ஊதியமின்றி முன்வரக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
சென்னை.