பேத்தியின் புத்தக அலமாரிக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் அம்மாவும் வெவ்வேறு இனத்தவராக இருக்கும் உங்கள் வீட்டைப் போன்ற குடும்பம் வரும் படப்புத்தகமாகப் பார்த்து பேத்திக்கு எதை வாங்குவது என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். நிதானமாக எழுதிவிடுகிறேன், மாப்பிள்ளைக்கும் படித்துக்காட்டு.

கடையிலோ நூலகத்திலோ புத்தகத்தைக் கையில் எடுத்ததும் எழுத்தைப் படிக்காதே. முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படத்தை மட்டும் புரட்டு. மூன்று வயதுப் பிள்ளை அப்படித்தான் பார்க்கும். யார் மடியில் யார் இருக்கிறார்கள், யார் சமைக்கிறார்கள், குழந்தை விழுந்தால் ஓடிவந்து தூக்குவது யார் என்று கவனி. அம்மா வழி உறவெல்லாம் பெயரோடு வந்து, அப்பா வழி உறவு விருந்துக் காட்சியில் மட்டும் தலைகாட்டினால் அந்தப் புத்தகம் வேண்டாம். இந்த வகைப் புத்தகங்களில் அடிக்கடி நடக்கும் பிசகு அதுதான். அட்டையில் அப்பாவும் அம்மாவும் சிரிப்பார்கள், உள்ளே நான்கு பக்கம் போனதும் ஒருவர் காணாமல் போயிருப்பார்.

அதற்குப் பிறகு கதையைப் படி. “நான் ஏன் உங்கள் மாதிரி இல்லை?” என்று குழந்தை கேட்டு, பெரியவர்கள் பதில் சொல்லும் கதை ஒரு வகை. மழை, குளியல், தொலைந்த செருப்பு, தூங்க மறுக்கும் ராத்திரி என்று வீடு தன்பாட்டுக்கு நடக்கும் கதை இன்னொரு வகை. இப்போதைக்கு அவளுக்கு இரண்டாவது வகைதான் வேண்டும். அவளுக்கு இன்னும் தோன்றாத கேள்வியைப் புத்தகமே கையில் கொடுத்துவிடக் கூடாது. ஐந்தாறு வயதில் பள்ளியில் யாராவது “அது உங்க அம்மாவா?” என்று கேட்பார்கள். அப்போது முதல் வகையில் ஒன்றிரண்டு வீட்டில் இருக்கட்டும். அலமாரி முழுக்க அதுவே இருந்தால், தன் வீடு விளக்கம் சொல்லித் தீர வேண்டிய வீடு என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

பழைய புத்தகம் கிடைத்தால் பதிப்பு ஆண்டைப் பார். அமெரிக்காவில் 1958இல் கார்த் வில்லியம்ஸ் ஒரு கறுப்பு முயலும் வெள்ளை முயலும் கல்யாணம் செய்துகொள்வதாக வரைந்த புத்தகத்துக்கே அலபாமாவில் எதிர்ப்புக் கிளம்பி, அடுத்த வருஷம் அது நூலகத்தின் திறந்த அலமாரியிலிருந்து எடுத்துவைக்கப்பட்டது. இனம் கடந்த திருமணத்துக்கு 16 மாநிலங்களில் இருந்த தடையை உச்ச நீதிமன்றம் 1967இல்தான் நீக்கியது. கறுப்பு அம்மா, வெள்ளை அப்பா, இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டைக் கவிதையாகச் சொன்ன ‘பிளாக் இஸ் பிரவுன் இஸ் டான்’ 1973இல் வந்தது. ஆர்னால்டு அடாஃப் எழுதியது. 2002 பதிப்புக்கு ஓவியரே படங்களைத் திரும்ப வரைந்தார். முடிந்தால் அந்தப் பதிப்பைத் தேடு.

இனி நிறம். நிறையப் புத்தகங்கள் தோற்பது இங்கேதான். அப்பா நிறத்தையும் அம்மா நிறத்தையும் பாதிக்குப் பாதி கலந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பூச்சாகப் பூசிவிடுவார்கள். தோல் நிறம் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிப்பது. ஒரு வயிற்றுப் பிள்ளைகளே ஒன்று கறுப்பாக, ஒன்று மாநிறமாக இருப்பது நம் தெருவில் எந்த வீட்டிலும் பார்க்கலாம். அண்ணனும் தங்கையும் வெவ்வேறு நிறத்தில், வெவ்வேறு முடியோடு இருக்கும் புத்தகம் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கு. அட்டையில் ஒரு நிறமும் உள்ளே வேறு நிறமுமாக இருக்கிறதா என்றும் பார். அட்டையில் வெளுத்திருந்தால் அது தற்செயலாக நடந்தது என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

சில சமயம் ஓவியர் சரியாக வரைந்தும் அச்சில் கெட்டுவிடும். நாலு கலர் அச்சில் தோலை இருட்டாக்கக் கறுப்பு மையைக் கூட்டினால் முகம் சாம்பல் பூத்துப்போகும். மஞ்சள் மையும் மெஜந்தா என்ற ஊதாச்சிவப்பு மையும் தூக்கலாக நின்று, சயான் என்ற இளநீல மை அதைத் தணிக்க வேண்டும். நாமே படம் அச்சிடும்போது ஆழ்ந்த பழுப்புக்கு சயான் 40, மெஜந்தா 65, மஞ்சள் 75, கறுப்பு 20 விழுக்காடு என்று தொடங்கலாம். நம் மாநிறத்துக்கு அதே வரிசையில் 25, 50, 65, 5. சயான் கூடினால் பச்சையடிக்கும், மெஜந்தா கூடினால் செங்கல் ஆகும். வழவழப்பில்லாத தாளில் மை ஊறிப் பரவுவதால் எல்லாமே ஒரு படி இருட்டும், அதனால் திரையில் பார்த்ததை நம்பாமல் அதே தாளில் ஒரு பக்கம் அடித்துப் பார்க்க வேண்டும். கறுத்த முகத்தை ராத்திரிக் காட்சியில் வரைந்தால் நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் வெளிச்சம் விழ வேண்டும். இல்லாவிட்டால் கண்ணும் பல்லும்தான் தெரியும், அது கேலிச்சித்திரம் ஆகிவிடும். கன்னத்தில் ரோஸ் வட்டம் கறுத்த தோலில் ஒட்டுப்போட்டதுபோல் நிற்கும். அங்கே அடர்ந்த செம்மை வேண்டும். உள்ளங்கை வெளுத்தும் முழங்கை கறுத்தும் இருந்தால் அந்த ஓவியர் மனிதர்களைப் பார்த்து வரைகிறவர்.

தோலைக் காப்பி, சாக்லேட் என்று தின்பண்டமாகச் சொல்லும் வரி வந்தால் வாசிக்கும்போது மாற்றிச் சொல்லு. மாந்தளிர் மேனி என்று சொன்ன மொழி நம்முடையது, அவளுக்கு அந்தச் சொல் போய்ச் சேரட்டும். முடியையும் பார். சுருள்சுருளான முடியைக் கறுப்புக் கிறுக்கலாகப் போட்டிருந்தால் அலட்சியம். ஈரத்தோடு பகுதி பகுதியாகப் பிரித்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுக்கும் காட்சி இருந்தால் அந்த வேலை தெரிந்தவர் செய்த புத்தகம்.

தமிழில் சொல்லும்போது ஒரு சொல்லைத் தொடவே தொடாதே: கலப்பினம். அது மாட்டுக்கும் விதைக்கும் சொல்வது, பிள்ளைக்கு அல்ல. பழைய மொழிபெயர்ப்பில் ஆப்பிரிக்கரை இழிவாகச் சொல்லும் காப்பிரி என்ற சொல் தென்பட்டால் அந்தப் புத்தகமே வேண்டாம். ஆங்கிலப் புத்தகத்தில் வெறும் ‘ஆன்ட்டி’ என்றுதான் இருக்கும். நீ வாசிக்கும்போது அப்பாவின் கூடப் பிறந்தவள் என்றால் அத்தை என்றே சொல். மாப்பிள்ளையின் அக்காவும் அவளுக்கு அத்தைதான், அண்ணன் பெரியப்பாதான். முறை சொல்லிக் கூப்பிட்டால் அந்த வீட்டு ஆட்கள் இந்த மொழிக்குள்ளும் வந்துவிடுவார்கள்.

நம் ஊர்ப் புத்தகங்களில் இப்படிப்பட்ட குடும்பங்களைக் காண்பது அரிது. பெரம்பூரிலும் பரங்கிமலையிலும் ஆங்கிலோ இந்தியர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர் இது. தமிழ்ப் படக்கதையில் அவர்கள் எங்கே? எனக்கு இது பெரிய மனக்குறை. ஆனாலும் தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்கள் சிலவற்றை அனுப்புகிறேன். ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் இருப்பதால் மாப்பிள்ளையும் அவரே வாசித்துக்காட்டலாம்.

மீதியை நாமே செய்துவிடலாம். A4 தாள் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மடித்தால் 16 பக்கம். 120 ஜிஎஸ்எம் கனமுள்ள, பளபளப்பில்லாத மேட் தாள் வாங்கு, சாதாரணத் தாளில் பின்பக்கப் படம் தெரியும். தாளின் ஒரு முகத்தில் அருகருகே வரும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் 17 வர வேண்டும்: 16உம் 1உம், 2உம் 15உம், இப்படி. இதைத் தவறவிட்டால் கதை தாறுமாறாகும். இரண்டு பக்கத்துக்கும் சேர்ந்த படம் 8, 9இல் மட்டும் இருக்கட்டும், அங்கேதான் தாள் ஒன்றாக இருக்கும். மடிப்பில் மூன்று துளை போடு. ஊசியை உள்ளிருந்து நடுத்துளையில் வெளியே விட்டு, மேல்துளையில் உள்ளே, கீழ்த்துளையில் வெளியே, மறுபடி நடுத்துளையில் உள்ளே கொண்டுவா. உள்ளே ஓடும் நீள நூலை நடுவில் விட்டு இரண்டு முனைகளையும் முடி. தைத்த பிறகு உள்தாள்கள் ஓரத்தில் சற்றே நீண்டு நிற்கும், அப்போது வெட்டிச் சீராக்கு. அதனால் விளிம்பில் ஒன்றரை சென்டிமீட்டர் எழுத்தில்லாமல் விட்டுவை. பக்கத்துக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

படங்களை நான் இங்கே வரையச் சொல்கிறேன். நீ எனக்குப் போட்டோ அனுப்பு: காலை வெளிச்சத்தில், ஜன்னலோரம், ஃபிளாஷ் இல்லாமல், போனில் முகத்தை அழகாக்கும் வசதியை நிறுத்திவிட்டு. அவள், நீ, மாப்பிள்ளை, சம்பந்தியம்மா, நான்கு பேரும் ஒரே படத்தில் இருந்தால்தான் நிறங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எடுக்க முடியும். அவள் உள்ளங்கையைத் தனியாக ஒன்று எடு. சம்பந்தியம்மாவை அவள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள் என்பதையும், அவள் வாயில் வருகிற மாதிரியே எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா