ஃபார்மேட் கேட்டால் கேன்சல் கொடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. அடுத்த பாராவில், யூஎஸ்பி ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் திறக்காமல் ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கிறது என்று படித்ததும் மனசு கனத்துப்போனது. தங்கை கல்யாணப் படங்களும் அப்பா பேசிய வீடியோவும் அந்த ஒரு டிஸ்க்கில்தான் என்கிறாய். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

ஃபார்மேட் செய்யச் சொல்லி விண்டோஸ் கேட்டபோது கேன்சல் கொடுத்தாயே, நல்ல காரியம் செய்தாய். அந்தச் செய்தி வந்ததால் படங்கள் போய்விட்டன என்று நினைக்காதே. பார்ட்டிஷனின் (டிஸ்க்கில் பிரித்துவைத்த பகுதி) தொடக்கத்தில் இருக்கும் பூட் செக்டரோ (டிஸ்க்கின் மிகச் சிறிய துண்டுக்கு செக்டர் என்று பெயர்), எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் பட்டியலோ விண்டோஸுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் இந்தப் பட்டியல்தான் முதலில் அடிபடும். படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

விண்டோஸின் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டச் சொல்லிப் பக்கத்துக் கடையில் சொன்னார்களாமே, இப்போது வேண்டவே வேண்டாம். ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்காக்குவதுதான் அதன் வேலை, உன் ஃபைல்களைக் காப்பாற்றுவது இல்லை. பட்டியலில் பொருந்தாததை வெட்டி எடுத்து, பெயரில்லாத சிஎச்கே ஃபைல்களாக ஒரு ஃபோல்டரில் கொட்டிவிடும். அதையும் அடிபட்ட டிஸ்க்கின் மேலேயே எழுதும். மேலே எழுதப்பட்டால் பழையதைத் திரும்ப வாங்க முடியாது.

முதலில் டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேள். சீராகச் சுழலும் மெல்லிய சத்தம் வந்தால் நல்லது. டிக், டிக், டிக் என்று ஒரே இடைவெளியில் தட்டினால் ஹெட் (உள்ளே சுழலும் தட்டைப் படிக்கும் முனை) பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். சுழலாமல் பீப் போல முனகினால் ஹெட் தட்டில் ஒட்டியிருக்கலாம், மோட்டார் இறுகியிருக்கலாம். இந்த இரண்டில் எது கேட்டாலும் உடனே கழற்றிவிடு, மறுபடி செருகிப் பார்க்காதே. ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் ஹெட் தட்டைச் சுரண்டக்கூடும். அது தூசி புகாத கிளீன் ரூம் உள்ள இடத்தில் திறக்க வேண்டிய வேலை. ஃபிரீசரில் வைக்கச் சொல்பவர்கள் பேச்சையும் கேட்காதே. வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும்.

சத்தம் சரியாக இருந்தால் கேபிளை மாற்று. 2.5 இன்ச் டிஸ்க் யூஎஸ்பியிலிருந்தே கரண்ட் எடுக்கிறது. யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரைதான் தர வேண்டும், 3.0 என்றால் 900. சுழலத் தொடங்கும் நொடியில் பல டிஸ்க்குகளுக்கு 500 போதாது. ஹப், முன்பக்கப் போர்ட் எல்லாம் விட்டு, சிபியூவின் பின்பக்கம் நேராகச் செருகு.

பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திற. மூன்று வரிகளைப் பார்த்தால் போதும்: 05, சி5, சி6. 05 என்பது ஏற்கெனவே ஒதுக்கி மாற்றப்பட்ட செக்டர்கள். சி5 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை. சி6 என்பது சரிசெய்ய முடியாதவை. சி5 பூஜ்யமாக இல்லாவிட்டால் டிஸ்க் உடம்பாலேயே தேய்கிறது என்று வைத்துக்கொள். எண்கள் ஹெக்ஸாவில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண் முறை) காட்டப்படலாம். அப்படியானால் 10 என்று இருந்தால் 16. சி7 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் இணைப்பில்தான் கோளாறு.

இனி முக்கியமான வேலை. டிஸ்க்கை அப்படியே, செக்டர் செக்டராக, இன்னொரு டிஸ்க்கில் ஒரு இமேஜ் ஃபைலாக நகல் எடு. பிறகு செய்கிற எல்லாப் பரிசோதனையும் அந்த நகலில்தான். உன்னுடையது 1 டிபி என்றால் நகலுக்கு 2 டிபி வாங்கு. இன்னொரு 1 டிபி டிஸ்க்கில் அந்த ஃபைல் அடங்காது. மீட்கிற ஃபைல்களுக்கும் அதில்தான் இடம் வேண்டும். அந்தப் புது டிஸ்க்கை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்யாதே, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. என்டிஎஃப்எஸ் ஆகவோ, லினக்ஸிலேயே எல்லாம் செய்வதானால் எக்ஸ்ட்4 ஆகவோ வை.

உபுண்டு என்ற லினக்ஸை ஒரு பென் டிரைவில் போட்டு அதிலிருந்து பூட் செய். நகலெடுக்கும் கருவி குனு டிடிரெஸ்க்யூ. உபுண்டுவில் அதன் பேக்கேஜ் பெயர் மட்டும் முன்னால் ஒரு 'ஜி' சேர்ந்து ஜிடிடிரெஸ்க்யூ என்று இருக்கும். கட்டளையில் முதலில் பழுதான டிஸ்க், அடுத்து இமேஜ் ஃபைல், கடைசியில், எதுவரை படித்தாயிற்று என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல். இந்த வரிசை தப்பக் கூடாது. லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் பெயர்களில் எஸ்டிபி எது, எஸ்டிசி எது என்று, டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் அளவை வைத்து இரண்டு முறை சரிபார். இடம் மாறினால் காலி டிஸ்க் படங்களின் மேல் எழுதப்படும்.

முதல் சுற்றில் 'என்' ஆப்ஷன் கொடு. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும், அடம்பிடிக்கும் இடங்களைச் சுரண்டாமல் விட்டுவிடும். சாகப்போகிற டிஸ்க்கிலிருந்து பெரும்பகுதியை முதலில் வாங்கிவிடுவதுதான் இதன் அருமை. விண்டோஸில் சாதாரணமாக காப்பி செய்தால் முதல் கெட்ட செக்டரிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். இரண்டாம் சுற்றில் அதே மேப் ஃபைலோடு 'ஆர் 3' கொடு. விட்ட இடங்களை மட்டும் மூன்று முறை முயலும். திரையில் கடைசியாகப் படிக்க முடிந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று ஒரு வரி இருக்கும். அது நிமிடக்கணக்கில் ஏறினால் நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி ஆறவிடு. மறுபடி செருகும்போது எஸ்டிபி எஸ்டிசியாக மாறியிருக்கலாம், பார்த்துக்கொள். மேப் ஃபைல் பத்திரமாக இருந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடரும். நல்ல டிஸ்க் என்றால் யூஎஸ்பி 3.0வில் 1 டிபிக்கு மூன்று மணி நேரம், 2.0வில் ஒன்பது மணி நேரம். கெட்ட செக்டர் நிறைய இருந்தால் நாள்கணக்கில் ஆகலாம்.

நகல் கையில் வந்ததும் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருளில் அந்த இமேஜைத் திற. அனலைஸ், பிறகு குவிக் சர்ச் கொடு. பார்ட்டிஷன் தெரிந்ததும் 'பி' அழுத்து. ஃபோல்டர்கள் பழைய பெயரோடு வரிசையாக வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. 'ஏ' அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, பெரிய 'சி' அழுத்தி வேறு ஃபோல்டருக்கு நகலெடு. பூட் செக்டர் மட்டும் கெட்டிருந்தால் அட்வான்ஸ்டு, பூட் என்று போ. என்டிஎஃப்எஸ் பூட் செக்டரின் பிரதி பார்ட்டிஷனின் கடைசி செக்டரில் இருக்கும், அதை எடுத்துப் பொருத்தலாம். இதையும் இமேஜில்தான் செய்.

பட்டியலே வரவில்லை என்றால் டெஸ்ட்டிஸ்க்கோடு சேர்ந்தே வரும் ஃபோட்டோரெக்கை ஓட்டு. இது பட்டியலைப் பார்ப்பதே இல்லை. ஜேபெக் படம் என்றால் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்று தொடங்கும், அந்தத் தொடக்கக் குறியைத் தேடி எடுக்கும். அதனால் பெயரும் ஃபோல்டரும் திரும்ப வராது. ஃபைல் ஆப்டில் 'எஸ்' அழுத்தி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஜேபிஜி, எம்ஓவி மட்டும் குறி. எம்பி4 வீடியோக்களும் எம்ஓவி என்பதிலேயே அடங்கும். தேடும் இடம் 'ஹோல்'. வெளியே வரும் பெயர்கள் 'எஃப்' எழுத்தோடு ஒரு எண்ணாக இருக்கும், அது அந்த ஃபைல் தொடங்கும் செக்டர். 'டி' என்று தொடங்குபவை சின்ன மாதிரிப் படங்கள், அவற்றைத் தனியே ஒதுக்கிவிடு. எடுத்த தேதி படத்துக்குள்ளேயே இருக்கும், எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் கொண்டு தேதிவாரியாகப் பிரித்தால் கல்யாண நாள் தனியாக வந்துவிடும்.

அப்பாவின் வீடியோ பற்றித்தான் எனக்குக் கவலை. பெரிய ஃபைல்கள் டிஸ்க்கில் துண்டு துண்டாகக் கிடந்தால் ஃபோட்டோரெக்கால் சேர்க்க முடியாது, ஓடத் தொடங்கி நின்றுவிடும். அதனால் டெஸ்ட்டிஸ்க் வழியை முழுதாக முயன்ற பிறகே இதற்கு வா.

பெட்டியைக் கழற்றி உள்ளே இருப்பதை கம்ப்யூட்டரில் நேராக மாட்டலாமா என்று கேட்டிருந்தாய். வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் மாடல்கள் பலவற்றில் யூஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கின் போர்டிலேயே ஒட்டியிருக்கும், கம்ப்யூட்டரில் நேராக மாட்டுவதற்கான சாட்டா முனையே இருக்காது. பாஸ்வேர்டு வைக்காவிட்டாலும் டேட்டா அந்தப் போர்டிலேயே மறையாக்கம் ஆகியிருக்கும். போர்டை மாற்றினால் படிக்க முடியாது. உன்னுடையது எந்த மாடல் என்று எழுது.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ திரையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அதைப் பார்க்கும் வரை டிஸ்க்கைக் கழற்றி, துணியில் சுற்றி அலமாரியில் வை. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்