அப்பாயியின் மரக்கால்

ஈசூன், சிங்கப்பூர்

அன்பு மகளுக்கு,

நாங்கள் இங்கே நலம். அப்பாயியின் பதினாறாம் நாள் காரியத்தை முடித்துவிட்டு நேற்று முன்தினம்தான் ஊரிலிருந்து திரும்பினேன். மெல்பர்னிலிருந்து உன்னால் வர இயலாமற்போனதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. ஆனால், நான் அனுப்பிய கண்ணீர் அஞ்சலிப் பதாகையின் படத்தைப் பார்த்துவிட்டு, "சிங்கப்பூரார் மனைவி என்று மட்டும்தான் போட வேண்டுமா அப்பா?" என்று தொலைபேசியில் நீ கேட்டது விமானத்திலும் என்னை விடவில்லை. அன்றைக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை, இப்போது எழுதுகிறேன்.

தாத்தா 1948இல் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறிச் சிங்கப்பூர் வந்து, துறைமுகத்தில் மூட்டை சுமந்து, தேக்காவில் ஓர் அறையில் பன்னிரண்டு பேரோடு படுத்தெழுந்து குடும்பத்தைக் கரையேற்றினார் என்பதுதான் நம் வீட்டில் சொல்லிவரும் கதை. அது உண்மை, ஆனால் பாதி. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து மூன்று மாதம் தங்கிச் சென்றவர் அனுப்பிய மணியார்டரை நிலமாகவும் படிப்பாகவும் மாற்றியவர், 16 வயதில் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, கையெழுத்துப் போடத் தெரியாமலே 94 வயதுவரை வாழ்ந்த என் அம்மா, உன் அப்பாயி. 1957இல் ஒரு மா (ஏக்கரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு), பிறகு அரை மா என்று அவர் விலைபேசி, வரப்பை மிதித்துப் பார்த்து வாங்கிய ஐந்து மா நிலத்தின் பத்திரங்களை இந்த முறை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தாத்தாவின் பெயரே இருக்கிறது. அப்பாயியின் கைநாட்டுகூட எதிலும் இல்லை.

நம் ஊர், மன்னார்குடிக்குத் தெற்கே உள்ள கடைமடை. ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துசேர ஆடி பிறந்துவிடும் என்பதால், அந்தக் காலத்தில் ஒருபோகச் சம்பா மட்டுமே. நடவும் களையெடுப்பும் முடிந்தபின் தை அறுவடை வரை கூலி வேலை கிடையாது. ஐப்பசியும் கார்த்திகையும் மழையோடு பசியும் சேர்ந்து வரும் மாதங்கள். அப்போதுதான் பெண்கள் முந்தானையை ஏந்திக்கொண்டு நம் வாசலுக்கு வருவார்கள். அப்பாயி, நெல் அளக்கும் மரக்காலை நெற்குதிரின் வாயில் பிடித்து நிரப்பி, ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்று சொல்லியே முதல் மரக்காலைக் கொட்டுவார். கடன் வாங்குகிறவளுக்கு அளக்கும்போதும் அந்தச் சொல்லை அவர் மாற்றியதில்லை. கொடுக்கும்போது கோபுரமாக அளப்பார். திருப்பி வாங்கும்போது உள்ளங்கையால் வழித்துத் தலைதட்டி வாங்குவார். வட்டி என்ற பேச்சே கிடையாது. கணக்கு அடுக்களைச் சுவரில், கரிக்கோடுகளாக இருக்கும். பங்குனியில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டும் முன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது, வராத கடனின் கோடுகளும் அதோடு மறைந்துவிடும். ஒருமுறை நான் சுண்ணாம்பு மட்டையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் நாலு கோடு நிற்கிறதே அம்மா" என்றேன். "இருக்கிறவ தராம இருப்பாளா? அடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாதியை அவர் முற்றிலும் கடந்துவிட்டார் என்று உனக்கு நான் பொய் எழுத மாட்டேன். காலனித் தெருப் பெண்களைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்தியே பல ஆண்டுகள் நெல் அளந்தார். அதைப் பார்த்து வளர்ந்த நானும் அன்று தவறென்று நினைக்கவில்லை என்பது இன்றும் எனக்கு வலிக்கிறது.

1952ஆம் ஆண்டு, கார்த்திகைப் புயலில் கூரை பறந்தபோது அவருக்கு வயது 22. நான்கு வயதான உன் அத்தையைக் காலியாகக் கிடந்த குதிருக்குள் இறக்கி, குதிரின் வாயைச் சாக்கால் மூடி, விடியும் வரை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே நின்றாராம். உள்ளே பழைய நெல்லின் வாசனை இருந்தது, பயமாகவே இல்லை என்று அத்தை இந்த முறையும் சொல்லி அழுதார். அந்த அத்தையை அவர் பள்ளிக்கு அனுப்பியதற்கும் ஒரு காரணம் உண்டு: தாத்தாவின் கடிதத்தை அடுத்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும் நிலை இருக்கக் கூடாது. பிறகு சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கணவர் இருந்த தெருப் பெண்கள் எல்லாரும் மதிய வேளைகளில் நம் கூடத்தில் உட்கார்ந்துதான் கடிதம் படிக்கக் கேட்டார்கள், பதில் எழுதச் சொன்னார்கள். அங்கே கேட்ட எந்தச் சங்கதியும் அப்பாயியின் வாயிலிருந்து வெளியே போனதில்லை.

2018 நவம்பர் 16, கஜா புயல் அடித்தபோது அவருக்கு வயது 88. நான்கு நாள் தொலைபேசி கிடைக்காமல் நானும் உன் அம்மாவும் இங்கே தவித்ததை நீ அறிவாய். நான் போய்ச் சேர்ந்தபோது தென்னை எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தது. தளம் போட்ட நம் தார்சு வீட்டின் கூடத்திலும் அடுக்களையிலும் காலனித் தெருக் குடும்பங்கள் படுத்திருந்தன; பின்கட்டில் விழுந்த தென்னை மட்டைகளை எரித்து, அண்டாவில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. விதைக்கு வைத்திருந்த நெல்லையும் குத்தச் சொல்லிவிட்டார் என்று அத்தை கோபப்பட்டார். அப்பாயி கட்டிலில் உட்கார்ந்து, யார் வீட்டுப் பிள்ளை இன்னும் சாப்பிடவில்லை என்று பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நீ பிறந்தபோது, 1997இல், மூன்று மாதம் இங்கே வந்திருந்தார். நீட்டிய கால்களில் உன்னைக் கிடத்தித் தினமும் குளிப்பாட்டியவர் அவர்தான். எதிர்வீட்டு மலாய் அம்மாவின் மகளுக்கும் அப்போது பேறுகாலம். மொழி தெரியாமலே அவளுக்கும் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தனுப்பினார். விடியலில் நம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்கு இறங்கி, புல்தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். நாற்று விடும் காலம் வந்ததும் கிளம்பிவிட்டார். இரு என்று நான் வற்புறுத்தவில்லை. அவரை நம்பி அங்கே எத்தனை முந்தானைகள் என்று எனக்குத் தெரியும்.

மரக்காலை அத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். அடிப்பகுதியில் பித்தளைப் பட்டை சற்றுத் தளர்ந்திருக்கிறது. உள்விளிம்பில், அவர் உள்ளங்கை வழித்து வழித்து, மரம் ஒரு பக்கம் மட்டும் வழுவழுப்பாகிவிட்டது. உன் அம்மா அதை வரவேற்பறை அலமாரியில் வைக்கலாம் என்கிறார். நான் அரிசி டின்னுக்குள் போட்டிருக்கிறேன். டிசம்பரில் நீ வரும்போது எடுத்துப் பார்; உன் கை அந்த வழுவழுப்பில் எங்கே பொருந்துகிறது என்று எனக்குப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா