பற்றுச்சீட்டு கொடுங்கள், பழைய காகிதங்கள் வரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மட்டக்களப்பில் எங்கள் பகுதிப் பொது நூலகத்தின் ஆவணப் பிரிவில், பழைய ஏடு, வரைபடம், புகைப்படம், கடிதம் எல்லாம் பார்க்க மாணவர்களுக்காக அரை நாள் ஒதுக்கியிருந்தார்கள். பேரனைக் கொண்டுபோய் விடத்தான் போனேன். குத்துவிளக்கு, பொன்னாடை, ஒரு மணித்தியாலம் வரவேற்புரை என்றுதான் இருக்கும், வாசலோடு திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். உள்ளே நாலு மேசை மட்டும் போட்டிருந்தது. பின்னேரம் இரண்டு மணிவரை நானும் வீட்டுக்குப் போகவில்லை.

முதல் மேசையில் பதப்படுத்திய ஓலையும் எழுத்தாணியும். பேரன் தன் பெயரைக் கீறினான். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்தான், ஓலை பொத்துவிட்டது. இன்னொரு ஓலை எடுத்து மெதுவாக வைத்தான், அதுவும் பொத்துவிட்டது. பக்கத்திலே, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து குடும்பமொன்று கொண்டுவந்திருந்த கண்ணகி வழக்குரை ஏடு ஒரு வெள்ளைத் துணியில் கிடந்தது. கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கில் வாசிக்கிற ஏடு. அதைக் குனிந்து பார்த்தவன், "அப்பப்பா, இதில ஒரு புள்ளியும் இல்ல. இவங்களுக்கும் பொத்துத்தான் போயிருக்கும்" என்றான். புள்ளி இல்லை, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு, அரவு (ா) எது ரகரம் (ர) எது என்று கருத்தை வைத்துத்தான் பிரிக்கவேண்டும். இதை வகுப்பில் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். அன்றைக்கு ஆறு பிள்ளைகள் ஒரு வரியை வைத்துக்கொண்டு அது 'மண்'ணா 'மண'வா என்று சண்டை பிடித்தார்கள். எழுத்துத் தெரிவதற்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசியது அவர்கள் எழுதிய புது ஓலைக்கு மட்டும். பழைய ஏட்டில் அந்த விளையாட்டுக்கு விடவில்லை. நல்ல காரியம்.

அடுத்த மேசை வரைபடம். நான் நில அளவைத் திணைக்களத்தில் முப்பது வருடத்துக்கு மேல் படவரைஞராக இருந்தவன். கால் தானாக அந்தப் பக்கம் போய்விட்டது. அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற பழைய தாள்களின் பிரதிகள் அங்கே விரித்திருந்தன. அக்கரைப்பற்றைத் தாய்வழி ஊராகக் கொண்ட ஒரு பிள்ளை, "அம்மம்மாட பிறப்புச் சான்றிதழில மட்டக்களப்பு மாவட்டம் எண்டு கிடக்கு, பிழையா அடிச்சுப் போட்டாங்க எண்டு நினைச்சம்" என்றாள். 1961 இல்தான் அம்பாறை தனி மாவட்டமானது, அதற்கு முன் தெற்கே பொத்துவில் வரைக்கும் மட்டக்களப்புத்தான் என்று எல்லையில் விரலை ஓட்டிக் காட்டினேன். கல்லோயாவுக்குப் பட்டிப்பளை ஆறு என்று பெயர் இருந்ததும், 1949 இல் தொடங்கிய திட்டத்தோடு அந்தப் பக்கமே மாறியதும் அவளுக்குப் புதுச் செய்தி. ட்ரேசிங் தாளில் ஆற்றைப் பென்சிலால் கடல்வரை இழுத்துக்கொண்டு போனாள்.

அப்போதுதான் நாவலடிப் பக்கத்து அம்மா ஒருவர் வந்தார். பழைய புகைப்படம் இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அவரிடம் ஒரு படமும் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் எல்லாம் போய்விட்டது. "எங்கட ஒழுங்கையை இதில காட்டுங்க அண்ணன்" என்றார். அந்த அளவுத்திட்டத்தில் நூறு யார் ஒன்றரை மில்லிமீற்றர்கூட வராது. ஒழுங்கைக்கு எங்கே போவது? ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். கடல் இந்தப் பக்கம், வாவி அந்தப் பக்கம் என்று இரண்டு கோடு. அவர் சொல்லச் சொல்லக் கீறினேன். "இதில எங்கட கிணறு. மறுகா மாமாட வளவு. அதுக்கங்கால வலை காயப்போடுற இடம்." ஒரு வீட்டை நான் வாவிப் பக்கம் தள்ளிப் போட்டுவிட்டேன், என் கையைப் பிடித்து நிறுத்தி, அழிக்கச் சொன்னார். பதினேழு வளவு வந்தது. பக்கத்தில் நின்ற பெடியன்கள் பெயர்களை எழுதினார்கள். உத்தியோக வாழ்க்கையில் எத்தனையோ தாள் கீறியிருக்கிறேன், ஒரு கோடு பிழைத்ததற்கு அப்படிக் கண்டிப்பான மேற்பார்வை எனக்கு வாய்த்ததில்லை.

மற்ற இரண்டு மேசைகளில் புகைப்படங்களையும் கடிதங்களையும் ஸ்கான் பண்ணினார்கள். படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் பெயர் எழுதுங்கள், குமிழ்முனைப் பேனா மை மறுபக்கம் ஊறும் என்றார்கள். செலோடேப் ஒட்டவேண்டாம், லெமினேட் பண்ணவேண்டாம் என்றும் சொன்னார்கள். எங்கள் வீட்டில் பிறப்புச் சான்றிதழ் முதற்கொண்டு எல்லாம் லெமினேட் ஆகி வருடக்கணக்காகிவிட்டது!

நான் எழுத வந்தது வேறு ஒன்று. அங்கே ஸ்கான் பண்ணியதும் அசலைக் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. என் தகப்பனார் வயல்களுக்குத் தண்ணீர் பகிர்வதைக் கவனிக்கிற வட்டவிதானையாக இருந்தவர். எந்தப் போடியாருக்கு (வயற்காரருக்கு) எத்தனை ஏக்கர், எந்த வட்டைக்கு (வயல்வெளிக்கு) எந்த நாள் தண்ணீர், எத்தனை மரைக்கால் நெல் என்றெல்லாம் ஒரு தடித்த கொப்பியில் எழுதி வைத்திருந்தார். 1978 நவம்பர் சூறாவளியில் கூரை போன இரவு அதைச் சாரத்துக்குள் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற மனுசன். அவர் காலமான பின், வரலாறு எழுதப்போகிறோம் என்று கேட்டு வந்த ஒரு நிறுவனத்துக்கு அதைக் கொடுத்தேன். பற்றுச்சீட்டு கேட்கக் கூச்சப்பட்டேன். மூன்று முறை போய்க் கேட்டேன். கடைசி முறை அப்படியொரு கொப்பி வரவே இல்லை என்றார்கள்.

இப்படிக் கொடுத்து ஏமாந்தவர்கள் மட்டக்களப்பில் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். அதனால்தான் பெட்டகத்தைத் திறக்க மனம் வருவதில்லை. நூலகத்தாரிடம் கேட்பது இவ்வளவுதான்: அசலை வைத்துக்கொள்ளவேண்டி வந்தால் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு கொடுங்கள், என்ன பொருள், எத்தனை பக்கம், எப்போது திருப்பித் தருவீர்கள் என்று எழுதி. ஸ்கான் பண்ணியதில் ஒரு பிரதியை வீட்டாருக்கும் கொடுங்கள். இந்த அரை நாளை மாதா மாதம் வையுங்கள். வருடத்துக்கொருமுறை வாசிப்பு மாதத்தோடு முடித்துவிடாதீர்கள். படத்தில் நிற்கிற ஆளைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடியவர்களில் நான்தான் இளையவன். எனக்கே எழுபத்து நாலு.

நாவலடி அம்மாவின் தாளில் இன்னும் கோயிலடி வரவேண்டியிருக்கிறது. தங்கையையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், அவளுக்குத்தான் அந்தப் பக்கம் தெரியும் என்று சொல்லிப் போனார். ட்ரேசிங் தாளும் பேனாவும் நான் கொண்டுவருவேன். ஒரு மேசையும் அதன்மேல் ஓடுகிற மின்விசிறியும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படவரைஞர்,
கல்லடி, மட்டக்களப்பு.