2024–2025 ஆண்டறிக்கை: புற்றுநோயாளர் உதவிப் பிரிவு

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும், இன்று நம்மோடு வந்து அமர்ந்திருக்கும் நோயாளர் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

2024 மார்ச் 1 முதல் 2025 பிப்ரவரி 28 தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் இயங்கும் நம் சங்கத்தின் செயலாளர் அறிக்கையைப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். நம் வழக்கப்படி தமிழில் வாசிக்கிறேன். ஆங்கிலப் பிரதி வாசலில் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் எடுத்துக்கொள்ளலாம். தமிழ் வகுப்பு, பொங்கல் விழா, மண்டபப் பராமரிப்பு மூன்றும் ஒழுங்காக நடந்தன. அவற்றுக்கு இதற்கு மேல் நேரம் எடுக்கப் போவதில்லை. இந்த ஆண்டு சங்கத்தின் உழைப்பும் பணமும் பெரும்பாலும் புற்றுநோயாளர் உதவிப் பிரிவுக்கே போயின. அதனால் அறிக்கையும் அதைப் பற்றியதுதான்.

நம்மை விட்டுப் பிரிந்தவர்களின் பெயர்களை வாசிக்கவில்லை. சில குடும்பங்கள் என்ன நோய் என்பதைச் சொந்தக்காரருக்குக்கூடச் சொல்லவில்லை. அவர்கள் விருப்பத்தை மதிக்கிறோம். ஆனால் உறுப்பினர்களிடம் ஒன்று சொல்லத்தான் வேண்டும். "அந்த வியாதி" என்று வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற வரைக்கும் உதவி தாமதமாகத்தான் போய்ச் சேரும். நம்மிடம் வந்த குடும்பங்களில் பாதிப் பேர் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் வந்தார்கள்.

முதலில், நோயாளரை மருத்துவமனைக்குக் காரில் அழைத்துப் போகும் பயணப் பணி. கதிர்வீச்சு சிகிச்சை என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், பல வாரங்களுக்குப் போக வேண்டும். இயந்திரத்தின் கீழ் படுத்திருப்பது சில நிமிடங்கள்தான். மிச்சமெல்லாம் காத்திருப்பும் சாலையும். சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனை தூரம் இல்லை. ஆனால் மினிபஸ் டாக்சியில் ஏறி, இறங்கி, இன்னொன்று மாறி, கீமோ எனும் மருந்துச் சிகிச்சை முடிந்த வயிற்றோடு நெருக்கி உட்கார்ந்து வீடு திரும்புவது என்ன பாடு என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும். வடக்கே ஸ்டாங்கர், டோங்காட் ஊர்ப் பக்கத்துக்காரர்கள் விடியுமுன்பே கிளம்பிவிட வேண்டும். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் புற்றுநோய் மருத்துவர்களும் இயந்திரங்களும் போதாமல் நோயாளர்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்ததை தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையம் 2017இல் அறிக்கையாகவே வெளியிட்டது. அந்தப் பிரச்சினையை இங்கே திரும்ப எடுக்கவில்லை. கிடைத்த தேதி வண்டி இல்லாததால் தவறிப் போகக் கூடாது, நம் ஓட்டுநர் குழுவின் வேலை அவ்வளவே.

ஓட்டுநர்கள் தாங்களாகவே சில பழக்கங்களை வகுத்துக்கொண்டார்கள். காருக்குள் ஊதுபத்தி, சென்ட், வாசனை அட்டை எதுவும் கிடையாது; கீமோ எடுப்பவருக்கு மல்லிகைப் பூ வாசனைகூடக் குமட்டும். பின் சீட்டில் மூடியோடு ஒரு இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா, ஈரத் துண்டு, தண்ணீர் பாட்டில். டப்பாவைக் கேட்டு வாங்கும் சங்கடம் யாருக்கும் வரக் கூடாது என்பதால் அது கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கும். 2024 ஜூன் 3ஆம் தேதி டோங்காட்டைச் சூறாவளி தாக்கியபோது அந்தப் பக்கத்து ஓட்டுநர்கள் தங்கள் வீட்டுக் கூரையைப் பார்க்க வேண்டியிருந்தது. ஃபீனிக்சிலிருந்தும் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் கார்கள் போய் அந்த வாரத்தைச் சமாளித்தன.

இரண்டாவது, துணைக்கு இருக்கும் பணி. இது இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கியது. என் கணக்கில் இதுதான் ஆண்டின் சிறந்த வேலை. நோயாளருக்கு என்ன வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். பார்த்துக்கொள்கிறவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று யாரும் கேட்பதில்லை. வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு மணி நேரம், நம் உறுப்பினர் ஒருவர் போய் நோயாளர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அந்த நேரம் முழுக்கப் பார்த்துக்கொள்கிறவருடையது. ஒரு வீட்டில் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளிடம், "நீ வெளியே போய் வா தங்கச்சி, கடை கண்ணி பார்த்துட்டு வா" என்று அனுப்பினார்கள். அந்தப் பெண் கேட்டைக்கூடத் தாண்டவில்லை. முற்றத்தில் நின்ற காருக்குள் ஏறி, சீட்டைச் சாய்த்து, இரண்டு மணி நேரமும் தூங்கிவிட்டு வந்தாள். வந்ததும் முதலில் கேட்டது, "அடுத்த செவ்வாயும் வருவீங்களா அக்கா?"

ஆண்களும் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். சமையலறைப் பக்கமே போகாத ஒரு தாத்தா இப்போது பாட்டியின் மருந்து நேரங்களைக் காலண்டரில் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருகிறார்.

துணைக்குப் போகிறவர்களுக்குச் சில கட்டுப்பாடுகள் வைத்தோம். வைத்தியம் சொல்லக் கூடாது. முள்சீத்தா இலைக் கஷாயம், கஞ்சா எண்ணெய், வாட்ஸ்அப்பில் வந்த வேறு எதுவானாலும் சரி, வாயைத் திறக்கக் கூடாது. சில மூலிகைகள் கீமோ மருந்தோடு மோதும்; மருத்துவரைக் கேட்காமல் எதுவும் உள்ளே போகக் கூடாது. "யார் கண் பட்டதோ", "முன்வினை" போன்ற பேச்சையும் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட வேண்டும். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், தெரியும். படுத்திருப்பவருக்கு அது குற்றப்பத்திரிகை வாசிப்பது போல் இருக்கிறது.

ஹாஸ்பிஸ் எனும் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தின் செவிலியர் ஒருவர் நம் மண்டபத்துக்கு வந்து, படுக்கையில் இருப்பவரைப் புரட்டுவது எப்படி என்று செய்து காட்டினார். போர்வையை இரண்டாக மடித்து இடுப்புக்குக் கீழே விரித்து, இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நகர்த்த வேண்டும். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றினால் படுக்கைப் புண் வராமல் காக்கலாம். அப்புறம் மார்ஃபின் பற்றியும் பேசினார். மார்ஃபின் பாட்டில் வீட்டுக்கு வந்தால் கதை முடிந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சாவு மருந்து அல்ல, வலி மருந்து. வலி வந்த பிறகு கொடுப்பதைவிட, மணி பார்த்து நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுப்பதே முறை. மலச்சிக்கல் வரும் என்பதால் கூடவே அதற்கும் மருந்து தருவார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அலமாரியில் மூடி திறக்காமல் கிடந்த பாட்டில்கள் சில வீடுகளில் வெளியே வந்தன.

சமையல் குழு. மிளகாய்த்தூள் போடாமல் சமைக்கச் சொன்னபோது டர்பன் பெண்மணிகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் வாய்ப்புண் வந்தவருக்கு மிளகு ரசம்கூட நெருப்பு. குழைந்த சோறு, பருப்புக் கடைந்தது, முட்டை, பூசணிக்காய் மசியல் என்று மாற்றிக்கொண்டார்கள். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியபோது, நோயாளர் வீடுகளுக்கு அன்றே புதிதாகக் காய்ச்சித் தனிப் பாத்திரத்தில் அனுப்பினோம். கிருமியை எதிர்க்கும் ரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் வெகுநேரம் திறந்து வைத்த உணவு ஆகாது.

தீபாவளி ஹாம்பர் பற்றிக் குழுவில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. அரிசி, எண்ணெய், டின் மீன், பிஸ்கட் என்று கட்டிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது பார்க்க அழகுதான். குடும்பங்களைக் கேட்டபோது அவர்கள் சொன்னது பெரியவர்களுக்கான டயப்பரும், படுக்கையில் விரிக்கும் ஒருமுறை விரிப்பும். இரண்டும் விலை அதிகம், கேட்கவும் கூச்சம். இந்த முறை ஹாம்பரின் பாதிப் பணத்தை அதற்கு மாற்றினோம். படம் எடுக்கவில்லை. சிலருக்கு வருத்தம், இருந்துவிட்டுப் போகட்டும்.

கடனுக்குக் கொடுக்கும் பொருட்கள்: சக்கர நாற்காலி, கமோடு நாற்காலி, நடைச் சட்டம், காற்று மெத்தை. திரும்பி வரும்போது துடைத்துக் கொடுக்க வேண்டும் என்பதை மறுபடியும் நினைவூட்டுகிறேன். 2024 மார்ச் 26க்குப் பிறகு பத்து மாதம் லோட் ஷெடிங் எனும் முறைவைத்த மின்வெட்டு இல்லாமல் நாம் மறந்தே போயிருந்தோம். ஜனவரி 31ஆம் தேதி அது திரும்பி வந்தபோது, மின்சாரத்தில் ஓடும் காற்று மெத்தைகள் காற்றிறங்கிவிட்டன. இனி மெத்தையோடு ஒரு தடித்த ஃபோம் விரிப்பும் சேர்த்தே கொடுக்கப்படும்.

அரசின் உதவித்தொகை வழங்கும் முகமையான சாசாவுக்கு விண்ணப்பிக்க உதவும் மேசை மாதம் ஒரு சனிக்கிழமை நடந்தது. சிகிச்சையால் வேலைக்குப் போக முடியாதவருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தற்காலிக ஊனமுற்றோர் உதவித்தொகை கிடைக்கும். அதற்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும். அதைவிடப் பலருக்குத் தெரியாதது இன்னொன்று. முதியோர் உதவித்தொகை ஏற்கெனவே வாங்குகிற ஒருவருக்கு முழுநேரமும் ஆள் தேவைப்பட்டால், துணையாள் உதவித்தொகை என்று கூடுதலாக ஒரு தொகை கேட்கலாம். பணம் பெரிதல்ல, ஆனால் உரிமை. நம் மேசைக்கு வந்த ஆயாமார்களில் பலர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

குழந்தைகளுக்கான உதவியில் நாம் தனியாக எதுவும் செய்யவில்லை, செய்யவும் தேவையில்லை. புற்றுநோய் வந்த பிள்ளைகளின் பெற்றோர் 1979இல் தொடங்கிய சாக் அமைப்பு, சிகிச்சை நடக்கும் நகரங்களில் பெற்றோரும் பிள்ளையும் தங்க வீடுகள் நடத்துகிறது. நாம் அவர்களுக்குப் போர்வையும் பொம்மையும் கொடுத்தோம். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய் பற்றி அவர்கள் சொல்லும் எச்சரிக்கை அறிகுறிகளைத் தமிழ் வகுப்புப் பெற்றோரிடம் வாசித்தோம்: கண்மணியில் வெள்ளைப் புள்ளி, கட்டி, காரணமில்லாத காய்ச்சலும் எடை குறைவும், எலும்பு வலி, நடையில் தள்ளாட்டம். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் கிளினிக்குக்குப் போங்கள், காத்திருக்காதீர்கள்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களை ரீச் ஃபார் ரெக்கவரி அமைப்போடு இணைத்தோம். அங்கே வந்து பேசுகிறவர்களும் அதையே கடந்து வந்தவர்கள். அவர்கள் முன்னால் நாம் பேச ஒன்றுமில்லை. 1931 முதல் இயங்கும் தென்னாப்பிரிக்கப் புற்றுநோய்ச் சங்கமான கான்சாவின், நோயாளருக்கு ஆதரவாகத் தலைமுடி மழிக்கும் நிகழ்ச்சிக்கு நம் இளைஞர்கள் போனார்கள். மொட்டை போடுவது நமக்கென்ன புதிதா, கத்தி வைத்தவர்தான் புதியவர். டூக் எனும் தலைத்துணி கட்டத் தெரியாத அக்காமார்களுக்கு, மெல்லிய பருத்தித் துணியான பழைய வாயில் சேலைகளை வெட்டித் தைத்துக் கொடுத்தார்கள் தையல் குழுவினர். வாயில் துணி தலையில் நழுவாது, உச்சந்தலையில் அரிப்பும் இல்லை.

பிப்ரவரி 11 தைப்பூசத்தன்று ஒரு சிக்கல் வந்தது. குணமானால் அலகு குத்திக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்ட ஒருவர், கீமோ நடுவிலேயே அதை முடித்துவிட வேண்டும் என்று நின்றார். வெள்ளணுவும் தட்டணுவும் குறைந்திருக்கும்போது அலகு குத்தினால் கிருமியும் தொற்றும், ரத்தமும் நிற்காது. மருத்துவர் சொன்னதை அவர் ஏற்கவில்லை. கோயில் பூசாரிதான் வழி சொன்னார்: "முருகனுக்கு அவசரம் இல்லை தம்பி. இந்த வருஷம் உன் மகன் பால்குடம் எடுக்கட்டும், உன் காவடியை உடம்பு தேறினதும் பார்க்கலாம்." அவர் கூடாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மகனைப் பார்த்தார். இப்படிப்பட்ட குருக்கள், பூசாரிகளை நம் பணியில் இன்னும் சேர்க்க வேண்டும் என்று குழுவுக்குப் பரிந்துரைக்கிறேன்.

வரவு செலவு விவரம் பொருளாளர் அறிக்கையில் உள்ளது. அன்னையர் தினப் பிரியாணி விற்பனைதான் பெரிய வரவு. பெட்ரோல்தான் பெரிய செலவு. நன்கொடை தருகிறவர்கள் 18ஏ ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வரியில் கழித்துக்கொள்ளலாம். இந்த அறிக்கையும் கணக்கும் நவம்பர் முடிவதற்குள் அரசின் சமூக வளர்ச்சித் துறைக்குப் போயாக வேண்டும்.

உறுப்பினர்கள் இன்று முடிவு செய்ய வேண்டியவை இரண்டு. ஓட்டுநர்களின் பெட்ரோல் படியை உயர்த்துவதா என்பது ஒன்று. துணைக்கு இருக்கும் பணியை வாரத்துக்கு இரண்டு நாளாக்குவதா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு ஆள் வேண்டும். பெயர்ப் பட்டியல் தேநீர் மேசையில் இருக்கிறது. காலை நேரத்துக்கு ஆள் உண்டு. பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரைதான் காலியாக இருக்கிறது. ஓய்வு பெற்றவர்கள் முதலில் எழுதுங்கள்.

அறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கௌரவச் செயலாளர்
சாட்ஸ்வொர்த், டர்பன்