ஊறுகாய் பாட்டில் தந்த தங்கச்சிக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

கட்டியோடு செத்த என் ஆட்டுக்குட்டியின் ரிப்போர்ட் நேற்று சாயங்காலம் வந்துவிட்டது. சீழ்க்கட்டி இல்லை, ஒட்டுவாரொட்டி இல்லை. லிம்போசார்க்கோமா, அதாவது நெறி கட்டுகிற நிணநீர்ச் சுரப்பியில் வருகிற புற்றுநோய். பால்குடி மறக்காத குட்டிக்கு இது வருவது அபூர்வமாம். என் செங்கன்னி ஆட்டுப் பெட்டைக்குட்டி போனது போனதுதான். ஆனால் பட்டி தப்பித்தது. ஒட்டுவாரொட்டியாக இருக்கும், ஆடுகள் மொத்தத்தையும் வந்த விலைக்குத் தள்ளிவிடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

குட்டி செத்ததும் நான் போனது கோவில்பட்டியில் மனுஷர்களுக்கு ரத்தம், சர்க்கரை பார்க்கிற ஒரு லேப்புக்கு. ஞாயிற்றுக்கிழமை, ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். கால்நடை டாக்டர் கட்டியிலிருந்து அறுத்துக் கொடுத்த சதைத் துண்டோடும் ஒரு காலி டானிக் பாட்டிலோடும் போய் நின்று, "ஃபார்மலின் கொஞ்சம் கிடைக்குமா?" என்றேன். சதை அழுகாமல் வைக்கிற மருந்துத் தண்ணீர் அது. ஆட்டுக்கு என்றதும் விரட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன். லேப்பில் வேலை பார்க்கிற தங்கச்சி பாட்டிலைத்தான் பார்த்தது. "அண்ணாச்சி, இப்ப மெதுவா இருக்கு, உள்ள போயிரும். ஃபார்மலின்ல கிடந்து இறுகுனபிறகு இந்தக் கழுத்து வழியா எப்படி வெளிய எடுப்பாங்க?"

தன் சாப்பாட்டுப் பையிலிருந்த ஊறுகாய் பாட்டிலைக் காலி பண்ணி, சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தது. 10 சதவீத ஃபார்மலின், துண்டைப் போலப் பத்து மடங்கு. குட்டியின் வயசு, எந்த இடத்துக் கட்டி என்பதையெல்லாம் துண்டுச்சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளேயே போட்டது. மை என்றால் கரைந்துவிடுமாம். "ஃப்ரீசர்ல மட்டும் வச்சிராதீங்க, உறைஞ்சா செல்லு உடைஞ்சிரும்." காசு வாங்கவில்லை.

குட்டி உயிரோடு இருந்தபோதே கட்டியை ஊசியால் உறிஞ்சிப் பார்த்து, சீழ் வரவில்லை, கீறக்கூடாது என்று நின்ற டாக்டர், திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஸ்லைடு பார்த்தவர்கள், எல்லோரும் ஒதுங்கியபோதும் தன் ஆடுகளை என் ஆடுகளோடு சேர்த்தே மேய்த்த மேலத்தெரு மாமா, எல்லோருக்கும் நன்றி.

தாடைக்குக் கீழே வீங்கினால் குடற்புழு, கட்டி என்றால் சீழ். நாம் சொல்வது முக்கால்வாசி சரியாகவும் இருக்கிறது. அதனால்தான் மிச்சத்தை யாரும் பார்ப்பதில்லை. இந்த நோய் அபூர்வமா, இல்லை பார்க்காமலே குழி தோண்டிவிடுகிறோமா? எனக்கு இப்போது சந்தேகமாகத்தான் இருக்கிறது.

இனி நம்ம சுற்றுவட்டாரத்தில் கட்டியோடு குட்டி செத்தால், புதைப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடுங்கள். டாக்டரைக் கூட்டிவருவதும், திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் என் பொறுப்பு, பஸ் செலவு உட்பட.