பலகையில் அந்தப் பெயரையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சாப்பாட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஆனால் இது சமையல் குறிப்பு இல்லை. போன வருடம் மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் துணையாக லண்டன் போய் நான்கு மாதம் நின்றேன். அங்கே ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட சாப்பாடு, கிளிநொச்சிக்குத் திரும்பி வந்த பிறகும் மனதை விட்டுப் போகவில்லை.

மகள் கூட்டிப்போனது ஒரு பெரிய உணவு மண்டபம். பழைய சந்தைக் கட்டடம் போல உயரமான கூரை, உள்ளே வரிசையாகக் கவுண்டர்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நாட்டுச் சாப்பாடு, கால் வைக்க இடமில்லாத சனம். அதிலே ஆகக் கூடிய ஆட்கள் நின்ற கவுண்டருக்கு மேலே ‘இஸ்ரேலியத் தெருவோர உணவு’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மருமகன் அதைப் பார்த்துவிட்டு, “மாமி, காஸாவில நடக்கிறதைப் பார்த்த பிறகு என்னால இதில நின்று சாப்பிட ஏலாது” என்று சொல்லி, பக்கத்துக் கவுண்டரில் நூடில்ஸ் வாங்கப் போய்விட்டார். அது எனக்கு விளங்காமல் இல்லை, 2009 போரில் விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று இடம் இடமாக ஓடி வந்தவளுக்கு விளங்காமல் வேறு யாருக்கு விளங்கும். ஆனால் மகள் வரிசையில் நின்றுவிட்டாள், நானும் அவளோடு நின்றேன்.

எங்கள் முறை வந்தது. கவுண்டரில் நின்ற பொடியன் பிட்டா ரொட்டியின் ஓரத்தைக் கத்தியால் கீறி ஒரு பை போலத் திறந்தான். உள்ளே அவித்து அரைத்த கடலையைப் பூசி, பொரித்த கத்தரிக்காய் வட்டங்களை வைத்து, அவித்த முட்டையை வெட்டிப் போட்டு, பொடியாக அரிந்த வெள்ளரிக்காயும் தக்காளியும் அள்ளி வைத்து, மேலே எள்ளு அரைத்த வெள்ளைக் கூழை ஊற்றினான். கடைசியில் ஒரு போத்தலைப் பிதுக்கி மஞ்சளாக ஒன்றை விட்டான். முதலில் வெந்தய வாசம் மூக்கில் ஏறியது, அப்புறம் மஞ்சள், அப்புறம் புளித்த மாங்காய். அது என்னவென்று மகள் கேட்டாள். “அம்பா” என்றான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, சிங்களத்தில் மாங்காய்க்கு அம்ப என்றுதானே சொல்கிறார்கள்!

அந்தச் சாப்பாட்டின் பெயர் சபிஹ். அதன் கதையைப் பலகையில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள், மகள் வாசித்துச் சொன்னாள், வீட்டுக்கு வந்து நானும் தேடி வாசித்தேன். ஈராக்கில் இருந்த யூதர்கள் சனிக்கிழமை ஓய்வுநாளில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அதனால் வெள்ளிக்கிழமையே கத்தரிக்காயைப் பொரித்து வைத்து, முட்டையை இரவு முழுக்க மெல்லிய சூட்டில் கிடக்கவிட்டு, காலையில் ஆறியபடியே சாப்பிடுவார்கள். 1950, 1951 ஆம் ஆண்டுகளில் சுமார் 1,20,000 ஈராக் யூதர்கள் விமானத்தில் இஸ்ரேலுக்குப் போனார்கள், வீடு வாசலை விட்டுவிட்டுத்தான் போனார்கள். அவர்கள் நிறையப் பேர் குடியேறிய ரமத் கான் என்ற ஊரில்தான் இது கடைச் சாப்பாடானது. அம்பா இன்னும் பழைய கதை. பம்பாயில் வியாபாரம் செய்த பாக்தாத் யூதர்கள் வழியாக மாங்காய் ஊறுகாய் ஈராக்குக்குப் போய், மராத்திப் பெயரையும் கூடவே கொண்டுபோய், பிறகு இவர்களோடு இஸ்ரேலுக்கு வந்திருக்கிறது. ஒரு போத்தல் ஊறுகாய்க்குள் இவ்வளவு ஓட்டம். சாப்பிடும்போது கண் கலங்கியது, உறைப்பால் இல்லை.

அதே பலகையில் ஃபலாஃபலும் இருந்தது. அதையும் ஒன்று வாங்கினோம். கடலையை அவிக்காமல் இரவு ஊறவிட்டு, கொரகொரப்பாக அரைத்து, வெங்காயமும் கொத்தமல்லித்தழையும் சேர்த்து எண்ணெயில் போடுவது, எங்கள் கடலை வடை அரைக்கிற அதே பதம், பிய்த்தால் உள்ளே மட்டும் பச்சை. ஆனால் அதற்குக் கீழே கதை ஒன்றும் இல்லை. விலை மட்டும்தான். 1948இல் இஸ்ரேல் என்ற நாடு உருவாக முன்பே எகிப்திலும் பலஸ்தீனத்திலும் சிரியாவிலும் லெபனானிலும் அரபுச் சனங்கள் பொரித்துச் சாப்பிட்ட பண்டம் அது. எகிப்தில் கடலைக்குப் பதிலாக ஒரு அவரை வகையில் செய்வார்கள். அந்த 1948இல்தான் சுமார் 7 இலட்சம் பலஸ்தீனர்கள் ஊரை இழந்தார்கள். ஈராக்கிலிருந்து வந்தவர்களின் கத்தரிக்காய்க்கு நாலு வரி எழுத முடிந்தவர்களுக்கு, பக்கத்திலேயே இருந்தவர்களின் வடைக்கு ஒரு சொல் எழுத முடியவில்லையா? யூதர்களும் அதைப் பல தலைமுறையாகச் சாப்பிட்டிருக்கிறார்கள், சாப்பிடட்டும், விற்கட்டும், அதில் எனக்குக் குறை இல்லை. யாரிடம் பழகியது என்று சொல்லாமல் விட்டதுதான் எனக்குத் தொண்டையில் நின்றது.

இதை அங்கேயே மருமகனிடம் சொன்னேன். “அதைத்தான் மாமி நானும் சொல்லுறன்” என்றார்.

சரி, ஊருக்கு வந்தேன். வந்த கிழமையே ஏ9 வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் வட்டிலப்பம் எடுத்தேன். கண்ணாடிக்கு மேலே ‘எங்கள் பாரம்பரிய இனிப்புகள்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. முதல் கரண்டியை வாயில் வைத்தவுடன் லண்டன் பலகை ஞாபகம் வந்துவிட்டது.

நான் பிறந்தது முள்ளியவளையில். பக்கத்தில் நீராவிப்பிட்டி, முஸ்லிம் ஊர். நோன்புப் பெருநாளுக்கு அங்கேயிருந்து ஒரு மாமி எங்கள் வீட்டுக்கு வட்டிலப்பம் கொண்டுவருவா. எவர்சில்வர் கிண்ணத்தில், மேலே வாழையிலைத் துண்டு மூடி, இன்னும் சூடு ஆறாமல். தைப்பொங்கலுக்கு அதே கிண்ணத்தில் அம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்துத் திருப்பி அனுப்புவா, வெறுங்கிண்ணம் கொடுக்கக்கூடாது என்று. அம்மா வட்டிலப்பம் பழகியது அந்த மாமியிடம், நான் பழகியது அம்மாவிடம். 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி எங்குமே விடவில்லை. அந்தக் கிண்ணம் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது, 2009இல் மற்றச் சாமான்களோடு அதுவும் போய்விட்டது. இன்றைக்கு அவர்களுடைய பண்டத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ‘எங்கள்’ என்று எழுதுகிறோம், நான் உட்பட யாரும் அதைக் கேட்கவில்லை.

மலையகச் சனத்தின் விஷயமும் இதுதான். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டங்களில் இருந்து ஓடி வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள் எத்தனை பேர். கிளிநொச்சியில் பாதிக் கடைகளில் காலையில் போடுகிற தேங்காய் ரொட்டியிலும் இடிச்ச சம்பலிலும் அவர்களுடைய கைப்பழக்கம் இருக்கிறது, பலகையில் இல்லை.

பெயர் முக்கியம் என்பது எங்களுக்குத் தெரியாத விஷயமா? தெற்கில் ‘ஹெல பொஜுன்’ என்ற பெயரில் பெண்கள் கண்முன்னே சமைத்து விற்கிற அந்த முறை இங்கே வந்தபோது, ‘அம்மாச்சி’ என்று எங்கள் பெயர் வைத்தோம். அங்கே குரக்கன் புட்டும் உழுந்து வடையும் சுடச்சுட வாங்கிச் சாப்பிடுகிற ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரில் எனக்குப் பெருமைதான். 2009 போரின் கடைசி நாட்களில் சனம் குடித்ததன் நினைவாக மே மாதத்தில் அரிசியும் தண்ணியும் உப்பும் மட்டும் போட்டுக் காய்ச்சுகிற கஞ்சியை முள்ளிவாய்க்கால் கஞ்சி என்று சொல்லித்தான் கொடுக்கிறோம், வெறும் கஞ்சி என்று யாராவது சொன்னால் எங்களுக்கு நெஞ்சு பொறுக்குமா?

அதனால் வன்னியில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்களிடம் கேட்கிறேன். விலைக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுத இடம் விடுங்கள். நானும் மச்சாளும் பின்னேரத்தில் வீட்டு வாசலில் பலகாரம் விற்கிறோம். போன மாதம் ஒரு மட்டையில் ‘வட்டிலப்பம், நீராவிப்பிட்டி முஸ்லிம் வீடுகளில் பழகியது’ என்று எழுதி வைத்தேன். ஒருவர் மோட்டார்சைக்கிளை நிறுத்தி அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, “இதெல்லாம் இப்ப ஏன் அக்கா?” என்று கேட்டார். இருந்து சாப்பிடச் சொன்னேன். சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கும் இரண்டு கட்டிக்கொண்டு போனார்.

அந்த மாமியின் குடும்பம் புத்தளம் பக்கம் போனதாகக் கேள்வி. இந்தக் கடிதம் அவர்களுடைய பிள்ளைகள் யாருடைய கண்ணிலாவது பட்டால், எனக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். தேங்காய்ப்பால், முட்டை, கித்துள் கருப்பட்டி, ஏலம், சாதிக்காய் எல்லாம் சரியாகத்தான் போடுகிறேன், ஆனால் மாமியின் கையில் வந்த அந்த வாசம் வருவதே இல்லை. வேறு ஏதோ ஒன்று அவ போட்டிருக்கிறா, அம்மாவும் அதைக் கேட்க மறந்துபோனா.

வாசகி,
கிளிநொச்சி